தாடி வளர்ந்த காட்டு வான்கோழிப் பெட்டை முட்டையிடுமா? களத்தில் கண்டறியும் முறை

வட அமெரிக்கக் காடுகளில் காட்டு வான்கோழிகளைத் தொடர்ந்து கவனிப்பவர்கள், நெஞ்சிலிருந்து தாடி தொங்கும் பெட்டை ஒன்றை என்றாவது பார்த்துவிடுவார்கள். தாடி சேவலுக்கே உரியது என்ற எண்ணம் ஆழப் பதிந்திருப்பதால், அப்படிப்பட்ட பெட்டையை மலடு என்றும் கூட்டத்துக்குப் பயனற்றது என்றும் முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு பெரும்பாலும் தவறானது. தாடி மட்டும் உள்ள பெட்டை, மற்றப் பெட்டைகளைப் போலவே இணைசேர்ந்து, முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சுகளை வளர்க்கிறது. உண்மையிலேயே முட்டையிட இயலாத, ஆண்சாயல் கொண்ட பெட்டைகளும் உண்டு. ஆனால் அவை வேறு காரணத்தால் உருவாகின்றன, வேறு அடையாளங்களைக் காட்டுகின்றன. இவ்விரு வகைகளையும் எப்படிப் பிரித்தறிவது, குறிப்பிட்ட ஒரு பெட்டை இனப்பெருக்கம் செய்கிறதா என்பதைப் பறவைக்குத் தொல்லை தராமல் எப்படித் தெரிந்துகொள்வது என்பதே இந்த வழிகாட்டியின் பொருள்.

முதலில், பெட்டைதானா என்று உறுதி செய்யுங்கள்

தாடிப் பெட்டை என்று சொல்லப்படும் பறவைகளில் சில உண்மையில் ஓராண்டு நிரம்பாத இளஞ்சேவல்கள்தாம். இளஞ்சேவலின் தாடி ஏறத்தாழ 5 முதல் 12 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். அதன் உடலும் முதிர்ந்த சேவலின் பருமனை எட்டியிருக்காது. ஆகவே தாடியைப் பார்த்ததும் அதிலேயே கண்ணை நிறுத்திவிடாமல், நெஞ்சு இறகுகளுக்குப் பார்வையை நகர்த்த வேண்டும். சேவலின் நெஞ்சு இறகு ஒவ்வொன்றின் நுனியும் கத்தரித்ததுபோல நேராக முடிந்து, கரிய விளிம்புடன் இருக்கும். அதனால் தொலைவிலிருந்து பார்க்கும்போது நெஞ்சு முழுவதும் கருமையாகவும் பளபளப்பாகவும் தெரியும். பெட்டையின் நெஞ்சு இறகு சற்றே வளைந்த நுனியுடன், வெளிர்பழுப்பு விளிம்பு கொண்டிருக்கும். அதனால் அதன் நெஞ்சு மங்கிய பழுப்பாகத் தோன்றும். மேற்கு மலைப்பகுதிகளில் வாழும் மெர்ரியம் துணையினத்திலும், மெக்சிகோவிலும் அதை ஒட்டிய அமெரிக்க எல்லைப் பகுதியிலும் வாழும் கூல்டு துணையினத்திலும் பெட்டையின் விளிம்பு வெண்மையை நெருங்கும் என்பதை அந்தப் பகுதிகளில் கவனிப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்தது தலை. சேவலின் தலை ஏறக்குறைய மொட்டையாக, சிவப்பும் வெள்ளையும் நீலமும் மாறிமாறித் தெரியும்படி இருக்கும். கழுத்தில் சதை முண்டுகள் திரண்டிருக்கும். அலகின் மேல் உள்ள சதை நீண்டு தொங்கும். பெட்டையின் தலை சாம்பல் கலந்த நீலமாக இருக்கும். பின்கழுத்தின் வழியே மெல்லிய சிறு இறகுகள் தலை வரை ஏறியிருக்கும். முதிர்ந்த சேவல் 7 முதல் 11 கிலோ வரை எடை கொண்டது. பெட்டை பெரும்பாலும் 4 கிலோவை ஒட்டியே இருக்கும். இரண்டும் அருகருகே நிற்கும்போது இந்த வேறுபாடு யாருக்கும் விளங்கும், தனியாக நிற்கும் பறவையிடம் உருவ அளவை நம்ப வேண்டாம். தலையில் கருத்த மருக்கள் போன்ற புடைப்புகள் தெரிந்தால் அவற்றைச் சேவலின் சதை முண்டுகள் என்று எண்ணிவிடக் கூடாது. பறவை அம்மை கண்ட பெட்டைக்கும் அப்படிப்பட்ட புடைப்புகள் உண்டாகும். விடியற்காலையின் மங்கிய ஒளியில் எல்லா வான்கோழிகளும் கருமையாகவே தெரியும் என்பதால், வெயில் உங்கள் முதுகுப்புறம் இருக்கும்படி அமர்ந்து, நல்ல பைனாகுலர் வழியே பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

தாடியை விட்டுவிட்டு இறகைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் அது இதுவாகவே இருக்க வேண்டும்: ஒரு பெட்டையின் இனப்பெருக்க ஆற்றலைப் பற்றித் தாடி எதையும் சொல்லாது, இறகு நிறையச் சொல்லும்.

தாடி என்பது நெஞ்சுத் தோலில் உள்ள ஒரு சிறு முகிழிலிருந்து கிளம்பும் முரட்டு இழைகளின் கற்றை. மற்ற இறகுகளைப் போல இது ஆண்டுதோறும் உதிர்ந்து முளைப்பதில்லை. இடைவிடாமல் வளர்ந்துகொண்டே இருக்கிறது, நுனி தேய்வதால்தான் நீளம் ஓர் எல்லையில் நிற்கிறது. முதிர்ந்த சேவலுக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் தாடி சாதாரணம். பெட்டையின் தாடி அதைவிடக் குட்டையாகவும் மெல்லியதாகவும் இருக்கும்; சில நேரங்களில் நெஞ்சு இறகுகளுக்குள் மறைந்து, பறவை குனிந்து மேயும்போது மட்டும் வெளியே எட்டிப்பார்க்கும். பெட்டைகளில் தாடி உள்ளவை பத்தில் ஒன்று என்ற அளவை ஒட்டியிருப்பதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது; சில இடங்களில் அது இன்னும் குறைவு, சில இடங்களில் கூடுதல். இவ்வளவு பரவலாக உள்ள ஓர் உறுப்பை நோயின் அடையாளமாகவோ மலட்டுத்தன்மையின் அடையாளமாகவோ கருத இடமில்லை. அந்தப் பெட்டைகளின் சூலகம் இயல்பாகவே இயங்குகிறது.

இறகின் கதை வேறு. கோழி, மயில், வான்கோழி ஆகியவை அடங்கிய பறவைப் பிரிவில், பெட்டைக்குரிய மங்கிய இறகை உருவாக்குவது சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன். அந்த ஹார்மோன் இல்லாதபோது முளைக்கும் இறகு சேவலின் சாயலையே எடுத்துக்கொள்ளும். விந்தகம் நீக்கப்பட்ட வீட்டுச் சேவல்கள் சேவலுக்குரிய இறகை இழப்பதில்லை என்பதும், சூலகம் நீக்கப்பட்ட பெட்டைகளுக்குச் சேவலின் இறகு வளர்கிறது என்பதும் இதற்குச் சான்று. பெரும்பாலான பறவைகளைப் போலவே வான்கோழிப் பெட்டைக்கும் இடப்பக்கச் சூலகம் மட்டுமே முழுமையாக வளர்கிறது; வலப்பக்கத்தில் உள்ளது கருநிலையிலேயே வளர்ச்சி நின்று, சிறு எச்சமாகத் தங்கிவிடுகிறது. எனவே கட்டி, தொற்று, முதுமை போன்ற ஏதோ ஒன்றால் இடப்பக்கச் சூலகம் செயலிழந்தால், அதற்கு மாற்றாக முட்டை தர வேறொன்று இல்லை. ஈஸ்ட்ரோஜன் குறைகிறது; அடுத்த இறகுதிர்வில் நெஞ்சில் கரிய விளிம்பு இறகுகள் முளைக்கின்றன; ஈஸ்ட்ரோஜனால் அடங்கியிருந்த கால்முள்ளும் வளரத் தொடங்கலாம். சில பறவைகளில் வலப்பக்க எச்சம் விந்தகத்தைப் போல வளர்ந்து ஆண் ஹார்மோனைச் சுரக்கிறது. தலை சிவந்து, சதை முண்டுகள் தடித்திருந்தால் அதற்குக் காரணம் இந்த ஆண் ஹார்மோன்தான். ஆக, இறகு மாற்றம் ஈஸ்ட்ரோஜன் இல்லாமையைக் காட்டுகிறது, தலை மாற்றம் ஆண் ஹார்மோன் இருப்பதைக் காட்டுகிறது. இவ்விரண்டும் ஒரே பறவையில் சேர்ந்தும் வரலாம், தனித்தும் வரலாம்.

இதிலிருந்து களத்தில் பயன்படும் ஒரு நுட்பம் கிடைக்கிறது. இறகு, அது முளைத்த காலத்தில் உடலில் இருந்த ஹார்மோன் நிலையைத்தான் காட்டுகிறது. நீங்கள் பார்க்கும் நாளின் நிலையை அல்ல. கோடையிலும் இலையுதிர்காலத் தொடக்கத்திலும் இறகுதிர்த்துப் புதிய இறகு பெற்ற ஒரு பெட்டை, குளிர்காலத்தில் சூலகத்தை இழந்திருந்தால், அடுத்த வசந்தத்தில் இயல்பான பெட்டையாகவே காட்சிதரும். அதன் உண்மை நிலை அதற்கடுத்த இறகுதிர்வில்தான் வெளிப்படும். நெஞ்சில் பழுப்பு விளிம்பு இறகுகளும் கரிய விளிம்பு இறகுகளும் கலந்து கிடந்தால், மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்று பொருள். உடலின் ஒரு பாதி சேவலாகவும் மறுபாதி பெட்டையாகவும் நடுக்கோட்டில் பிரிந்து தெரியும் பறவைகள் மிக அரிதானவை. அவற்றின் காரணம் ஹார்மோன் குறைபாடு அல்ல. இரு பாதிகளின் செல்களும் வெவ்வேறு பாலினக் குரோமோசோம்களைக் கொண்டிருப்பதே. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ராஸ்லின் நிறுவனத்தார் 2010-இல் இத்தகைய வீட்டுக்கோழிகளை ஆராய்ந்து இதை விளக்கினார்கள்.

எனவே உங்கள் குறிப்பேட்டில் "தாடி உண்டு" என்று மட்டும் எழுதாமல், நெஞ்சு இறகின் விளிம்பு நிறம், தலையின் நிறம், பின்கழுத்துச் சிற்றிறகு, கால்முள் ஆகிய நான்கையும் தனித்தனியாக எழுதுங்கள். தாடி மட்டும் இருந்து மற்ற நான்கும் பெட்டைக்குரியவையாக இருந்தால், அந்தப் பெட்டை முட்டையிடும் என்று வைத்துக்கொண்டே மேலே செல்லலாம். நெஞ்சு இறகு கருத்திருந்தால், முட்டையிடாது என்று எதிர்பார்க்கலாம். கால்முள் மட்டும் சற்றே தெரிந்தால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

நடத்தையையும் அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். கூட்டத்தில் மேலாதிக்கம் உள்ள பெட்டைகள் சில நேரங்களில் சேவலைப் போலவே தோகையை விரித்து, சிறகைத் தாழ்த்தி நடைபோடுவதுண்டு. மிக அரிதாகச் சேவலின் முழக்கக் கூவலை எழுப்புவதும் உண்டு. இவை அதிகாரத்தைக் காட்டும் செயல்கள், மலட்டுத்தன்மையின் அறிகுறிகள் அல்ல.

பருவம் முழுவதும் பின்தொடர்தல்

தோற்றத்தை வைத்துச் செய்த கணிப்பை, பருவம் முழுவதும் கவனித்து உறுதிப்படுத்த வேண்டும். பகல்பொழுது நீளத் தொடங்கியதும், தெற்கு மாநிலங்களில் மார்ச் மாதத்திலும் வடக்கில் ஏப்ரலிலும் சேவல்களின் காட்சி நடனம் தொடங்குகிறது. இணைசேர விரும்பும் பெட்டை சேவலின் முன் தரையில் படிந்து அமரும். தாடிப் பெட்டை அப்படி அமர்வதையும் சேவல் அதன்மேல் ஏறுவதையும் பார்த்தால் அதைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். பார்க்கவில்லை என்பதால் இணைசேரவில்லை என்று எழுதிவிடாதீர்கள். பெட்டையின் முட்டைக்குழாயில் விந்தணுக்களைச் சேமித்துவைக்கும் நுண்குழல்கள் உள்ளன. ஒருமுறை இணைசேர்ந்த பெட்டை அதன்பின் பல வாரங்களுக்குக் கருவுற்ற முட்டைகளை இட முடியும். சில நிமிடங்களில் முடிந்துவிடும் ஒரு நிகழ்வை நீங்கள் தவறவிடுவதே இயல்பு.

முட்டையிடும் காலம் தொடங்கியதும் பெட்டை கூட்டத்திலிருந்து விலகிச் செல்லும். நாளொன்றுக்கு ஒரு முட்டை என்ற கணக்கை ஒட்டி, ஏறத்தாழ இரண்டு வாரங்களில் 10 முதல் 12 முட்டைகள் வரை இடும். கூடு என்பது மரத்தடியிலோ விழுந்த கட்டையின் ஓரத்திலோ புதரின் அடியிலோ தரையைச் சற்றே குழித்து, காய்ந்த இலைகள் கிடக்கும் ஒரு பள்ளம்தான். முட்டைகள் வெளிர்மஞ்சள் கலந்த வெண்மையில், பழுப்புப் புள்ளிகளுடன் இருக்கும். முட்டைகளை இட்டு முடிக்கும் தறுவாயில்தான் பெட்டை தொடர்ந்து அடைகாக்க அமர்கிறது. அதிலிருந்து 26 முதல் 28 நாட்களில் குஞ்சுகள் பொரிக்கின்றன. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டால், நீங்கள் தினமும் பார்த்துவந்த தாடிப் பெட்டை ஏப்ரல் பிற்பாதியில் நண்பகல் வேளைகளில் காணாமல்போகத் தொடங்குவதும், பிறகு நாள் முழுவதும் காணாமல்போய், மேயவும் நீர் அருந்தவும் சிறிது நேரம் மட்டும் தனியாக வந்து விரைந்து திரும்புவதும் எதைக் காட்டுகின்றன என்பது விளங்கும்.

இந்த இடத்தில் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கூட்டைத் தேடிப் போகாதீர்கள். முட்டையிடும் நாட்களிலும் அடைகாக்கும் முதல் நாட்களிலும் கிளப்பிவிடப்பட்ட பெட்டை கூட்டைக் கைவிட்டுவிடக்கூடும். ரக்கூன், ஸ்கங்க், ஒபோசம், காகம், பாம்பு என ஏற்கெனவே ஏராளமான எதிரிகளுக்கு நடுவே தரையில் முட்டையிடும் பறவை அது. ஒரு கேள்விக்கு விடை காண்பதற்காக அந்த விடையையே அழித்துவிடுவது எந்த ஆர்வலருக்கும் அழகல்ல. மேய்ச்சல் நிலத்தின் ஓரத்திலும் நீர்நிலை அருகிலும் தானியங்கிக் கேமராவை வைத்தாலே போதும். தாடிப் பெட்டையைத் தாடியின் நீளம், இழைகளின் வளைவு, உடைந்த நுனி ஆகியவற்றைக் கொண்டு படத்தில் தனித்து அடையாளம் காணலாம் என்பது இங்கே பெரிய உதவி. சாதாரணப் பெட்டைகளிடம் இந்த வசதி கிடைப்பதில்லை. மாநில வனவிலங்குத் துறையின் அனுமதியுடன் பணிபுரியும் ஆய்வாளர்கள் பெட்டையை வலையில் பிடித்து முதுகில் ஜிபிஎஸ் கருவி பொருத்தி, அதன் இருப்பிடப் புள்ளிகள் ஒரே இடத்தில் குவியத் தொடங்குவதைக் கொண்டு அடைகாப்பதைத் தெரிந்துகொள்கிறார்கள். கூடு காலியான பிறகே அங்கே செல்கிறார்கள்.

அடைகாக்கும் பெட்டையின் நெஞ்சிலும் வயிற்றிலும் இறகு உதிர்ந்து, வெறும் தோல் முட்டைகளின் மேல் படியும்படி ஒரு திட்டு உருவாகிறது. பறவை சிறகைக் கோதும்போதும் மண்குளியல் எடுக்கும்போதும் அந்தத் திட்டு கேமராவில் விழுந்தால், அதைவிட நல்ல சான்று தொலைவிலிருந்து கிடைப்பது கடினம்.

குஞ்சுகள் யாருடையவை?

மே பிற்பகுதியிலிருந்து குஞ்சுகளைக் காணலாம். முதல் கூட்டை இழந்த பெட்டைகள் மறுபடியும் முட்டையிடுவதால், ஜூலையிலும் ஆகஸ்டிலும்கூடச் சின்னஞ்சிறு குஞ்சுகள் தென்படும். பொரித்த குஞ்சுகள் ஓரிரு நாளுக்குள் தாயுடன் கூட்டை விட்டுக் கிளம்பிவிடும். முதல் இரண்டு வாரங்கள் பறந்து மரமேற முடியாததால் இரவில் தரையில் தாயின் சிறகுக்கடியிலேயே உறங்கும்.

தாடிப் பெட்டையைச் சுற்றிக் குஞ்சுகள் மேய்வதைப் பார்த்த மாத்திரத்தில் அவை அதனுடையவை என்று எழுதிவிடக் கூடாது. பல பெட்டைகள் தத்தம் குஞ்சுகளை ஒன்றாகச் சேர்த்து மேய்ப்பது வழக்கம். குஞ்சில்லாத பெட்டையும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து திரியும். இரண்டு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுகளோடு தாடிப் பெட்டை மட்டுமே இருந்தால் ஐயத்துக்கு இடமில்லை. பல பெட்டைகள் இருந்தால், பருந்தின் நிழல் விழும்போதோ மழை தொடங்கும்போதோ குஞ்சுகள் எந்தப் பெட்டையின் சிறகுக்கடியில் ஓடி ஒடுங்குகின்றன என்பதைப் பாருங்கள். அந்தக் கணத்தில் குஞ்சுகள் காட்டும் தேர்வு நம்பத்தக்கது.

குஞ்சுகள் கிளம்பிச் சென்ற பிறகு, தற்செயலாகக் காலியான கூடு கண்ணில் பட்டால் ஓடுகளைக் கூர்ந்து பார்க்கலாம். பொரித்த முட்டையின் அகன்ற முனை வட்டமாக, மூடியைக் கழற்றியதுபோல வெட்டுப்பட்டிருக்கும். உட்சவ்வு காய்ந்த காகிதம் போல ஓட்டிலிருந்து எளிதாகப் பிரிந்து வரும். விலங்கு உடைத்த முட்டையில் பக்கவாட்டில் துளை இருக்கும், விளிம்பு நொறுங்கியிருக்கும், சவ்வு ஓட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும், மஞ்சள் கருவின் கறையும் தெரியலாம்.

ஓராண்டு குஞ்சில்லாமல் திரிந்த தாடிப் பெட்டையை மலடு என்று முடிவு செய்வது நியாயமாகாது. காட்டு வான்கோழிக் கூடுகளில் பொரிப்பு வரை தப்பிப் பிழைப்பவை குறைவு. எந்த வேறுபாடும் இல்லாத சாதாரணப் பெட்டைகளே பெருமளவில் குஞ்சில்லாமல் கோடையைக் கழிக்கின்றன. அதே பெட்டையைக் குறைந்தது இரண்டு மூன்று பருவங்கள் பின்தொடர்ந்து, இறகு மாற்றமும் தெரிந்தால் மட்டும் மலடு என்ற சொல்லைப் பயன்படுத்தலாம்.

வேட்டை விதிகளும் ஒரு வேண்டுகோளும்

வசந்தகால வேட்டை விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுகின்றன. நியூயார்க், பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் விதி பாலினத்தைக் குறிப்பிடாமல் தாடியுள்ள பறவை என்று சொல்கிறது. டெக்சாஸில் ரியோ கிராண்டே துணையினம் வாழும் பல மாவட்டங்களில் சேவலுடன் தாடிப் பெட்டையும் வெளிப்படையாக அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அலபாமாவிலோ சேவல் மட்டுமே. தாடி என்பது வேட்டைக்காரர் தொலைவிலிருந்து எளிதில் காணக்கூடிய அடையாளம் என்பதால் அந்த விதிக்குப் பயன் உண்டு. அவ்வாண்டின் விதிப்புத்தகத்தை அந்தந்த மாநிலத் துறையிடமிருந்து பெற்றுப் படித்த பிறகே களத்துக்குச் செல்லுங்கள். ஆயினும் சட்டம் அனுமதிக்கிறது என்பதும் செய்யத்தக்கது என்பதும் ஒன்றல்ல. வசந்தத்தில் சுடப்படும் தாடிப் பெட்டை, அநேகமாக முட்டைகள் நிறைந்த கூட்டுக்குச் சொந்தக்காரி. 1930-களில் ஏறத்தாழ இரண்டு லட்சமாகக் குறைந்துபோன இந்தப் பறவை பல லட்சங்களாகப் பெருகியது பெட்டைகளைக் காப்பாற்றியதாலும் வலைவைத்துப் பிடித்து வேறிடங்களில் குடியேற்றியதாலும்தான். எனவே தாடியோடு பழுப்பு நெஞ்சு தெரிந்தால் துப்பாக்கியைத் தாழ்த்துங்கள்.

இறந்த பறவை கையில் கிடைத்தால்

இலையுதிர்கால வேட்டையில் சட்டப்படி எடுக்கப்பட்ட ஆண்சாயல் பெட்டையோ, வாகனம் மோதி இறந்த பறவையோ கிடைத்தால், உள்ளுறுப்புகள் ஐயத்தைத் தீர்த்துவிடும். சாலையில் கிடக்கும் பறவையை எடுப்பதற்கு அனுமதி தேவையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நோயுற்று இறந்ததாகத் தோன்றினால் தொடாமல் வனவிலங்குத் துறைக்குத் தெரிவியுங்கள். கையுறை அணிந்து வயிற்றைத் திறந்து, குடலை ஒருபுறம் ஒதுக்கினால், முதுகெலும்பை ஒட்டிச் சிறுநீரகங்களின் முன்முனையில் இனப்பெருக்க உறுப்பு தெரியும். இருபுறமும் அவரை விதை வடிவில் வழுவழுப்பான உறுப்புகள் இருந்தால் அது சேவல். இடப்புறம் மட்டும் மணிமணியாகச் சிறு திரள் தெரிந்தால் இயல்பான சூலகம். முட்டையிடும் பருவமாயின் அதில் பல அளவுகளில் மஞ்சள் கரு உருண்டைகள் திராட்சைக்குலை போலத் தொங்கும். அங்கிருந்து கீழிறங்கும் முட்டைக்குழாயையும் பாருங்கள்: ஒருமுறையும் முட்டையிடாத பெட்டையில் அது மெல்லிய நேரான நூலாக இருக்கும், முட்டையிட்ட பெட்டையில் அகன்று மடிப்பு மடிப்பாக இருக்கும். இடப்புறத்தில் சுருங்கிய அல்லது கட்டி படர்ந்த சூலகமும், வலப்புறத்தில் விந்தகம் போன்ற திரட்சியும் ஒருசேரத் தெரிந்தால், நெஞ்சு இறகு கருத்ததன் காரணத்தை நேரில் பார்த்துவிட்டீர்கள்.

அப்படிப்பட்ட பறவையின் உறுப்புகளை அளவுகோல் வைத்துப் படமெடுத்து, நெஞ்சு இறகுகள் சிலவற்றை நாளும் இடமும் எழுதிய காகித உறையில் இட்டு, மாநில வனவிலங்குத் துறையின் உயிரியலாளரிடம் சேர்ப்பியுங்கள். பிளாஸ்டிக் உறையில் ஈரம் தங்கி இறகு பூசணம் பிடித்துவிடும் என்பதால் காகித உறையே ஏற்றது.